பெரிய தாத்துவும் ஒத்தீலியாவின் தேன்பெட்டிகளும்

என் தம்பி மனைவி ஒத்தீலியா என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். எங்கள் புதர்க்காட்டில் முப்பது தேன்பெட்டி வைத்து ஆளும் ஒரே பெண் அவள்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

ஆர்மடில்லோவை எங்கள் பக்கம் தாத்து என்போம். அதில் பெரிய ஜாதி ஒன்று உண்டு. பன்றி கனம், அரிவாள்போல நகம். அந்த வருடம் யூகலிப்டஸ் பூக்கும் நேரத்தில் அது ஊரெங்கும் தேன்பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டது. தேன் சங்கத்தார் மாமரத்தடியில் கூடினார்கள். தெரெரே என்று நாங்கள் சொல்லும் குளிர்ந்த இலைத்தேநீர்க் குவளை கை மாறிக்கொண்டிருந்தது. விஷம் வைப்பதென்று முடிவாகப் போகும்போது ஒத்தீலியா எழுந்தாள்.

தலைவர் வல்தோமிரோ சிரித்தார். "ஒக்காரும்மா. தாத்து நாலு நாலாக் குட்டி போடும். ரெண்டு செத்தா என்ன கொறஞ்சு போச்சு?"

"நாலு போடறது சின்ன தாத்து அண்ணே. பெருசு ஒண்ணுதான் போடும், அடுத்ததுக்கு மூணு வருஷம் ஆகும். என் வேலி ஓரத்துல பெரிய தடத்துக்குப் பக்கத்துலயே சின்னத் தடமும் இருக்கு. தாயும் குட்டியும்."

"தடியால தட்டினா பந்து மாதிரி சுருண்டுக்குமே. தூக்கிட்டுப் போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் விடேன்!"

"சுருள்றது வேற ஜாதி. இது சுருளாது, மண்ணத் தோண்டிட்டு உள்ள போயிடும். நீங்க இழுத்தா நீங்களும் உள்ள போவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கேட்டார்: "தேனுக்குத்தானே வருது?"

"தேனுக்கில்ல, அடையில இருக்கற புழுவுக்கு. கறையானும் எறும்பும்தான் அதுக்குச் சோறு. அது போட்ட புழுக்கையக் குச்சியால கிளறிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். பூ முடியற வரைக்கும் டைம் குடுங்க. என் பெட்டி ஒண்ணு விழுந்தாலும் விஷத்த நானே வெக்கிறேன்."



எங்கள் ஊரில் பெட்டியை முழங்கால் உயரத்தில்தான் வைப்பார்கள். முக்காலி போட்டு உட்கார்ந்தபடி அடை எடுக்கலாம், முதுகு வலிக்காது. தாத்துவுக்கு இலை போட்டுப் பரிமாறியதுபோலத்தான் அது. ஒத்தீலியா பழைய வேலிக்கம்பங்களைக் கொண்டுவந்து எல்லாப் பெட்டிகளையும் இடுப்பளவு உயர்த்தப் போனாள். முதலில் ஐந்தை ஏற்றினாள். மறுநாள் காலையில் இரண்டு தரையில் கிடந்தன.

வல்தோமிரோ வேலிக்கு வெளியே நின்று, "விஷம் எடுத்துட்டு வரட்டுமா தங்கச்சி?" என்றார்.

"பூ முடியற வரைக்கும் டைம் கேட்டதும், பெட்டி விழுந்தா விஷம் வெக்கிறேன்னு சொன்னதும் நாந்தான். தப்பு என்னோடது. ஆனா பூ இன்னும் உதிரலியே அண்ணே. ஒரு தடவ பொறுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் விழுந்த பெட்டிகளைத் தொடவில்லை. கம்பத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். ஈரமண் அப்பிய வயிற்றுத் தடமும் நகக்கீறல்களும் மேலே ஏறியிருந்தன. அது வாலை ஊன்றிப் பின்கால்களில் நிமிர்ந்து நின்றிருக்கிறது! கடைசிக் கீறலிலிருந்து ஒரு முழம் மேலே கரியால் கோடு இழுத்தாள். கோடு அவள் மோவாய்க்கு நேராக வந்தது. முப்பது பெட்டியும் அந்த உயரத்துக்கு ஏறின. அடை எடுக்க மரப்பெட்டிமேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. ஊர் ஆண்கள் ஏணி வேண்டுமா என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார்கள்.

பூ உதிர்ந்த அன்று சங்கமே அவள் தோட்டத்துக்கு வந்தது. ஒவ்வொரு கம்பத்திலும் கீறல். வேலியோரம் ஆள் நுழையும் அளவுக்குப் புது வளை, வாயில் பெரிய தடம், பக்கத்தில் சின்னத் தடம். முப்பது பெட்டியும் நின்றன.

வல்தோமிரோ தொப்பியைக் கழற்றினார், பெரிய மனுஷிகளைக் கூப்பிடுவதுபோல 'தோனா' என்று மரியாதையாகக் கூப்பிட்டார். "தோனா ஒத்தீலியா, நம்ம தோட்டத்துக்கும் வந்து கோடு போட்டுக் குடுப்பீங்களா?"

"வர்றேன் அண்ணே. அந்த விஷ டப்பாவ முதல்ல என் கையில குடுங்க."

கொடுத்தார். அந்த யோசனை சங்கத்துடையது என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். பொய். ஊரிலுள்ள ஒவ்வொரு கம்பத்திலும் கோடு போட்டது என் தம்பி பெண்டாட்டிதான்.