தறிச் சத்தத்துல ராப் போட்டோம். ஊரு வயரப் புடிச்சிப் பாத்துது

மைக் செட் தொழில்ல ஒரு வசதி உண்டு: பாட்டு நல்லாருந்தா பாடுனவனக் கொண்டாடுவாவ, நல்லா இல்லைன்னா செட்டுக்காரன ஏசுவாவ. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா என்ன ஆவும்னு தெரியணுமா, என்னையக் கேளுங்க.

எம்பேரு முப்பிடாதி. சங்கரங்கோயில்ல மைக் செட் வச்சிருக்கேன். படிப்பு அஞ்சாங் கிளாஸ். அதுலயும் பாதி நாளு வாத்தியாரு என்னைய வெளியதான் நிப்பாட்டி வச்சிருந்தாரு, வாயி அப்படி. இந்த வாய வச்சி என்ன செய்யன்னு ரொம்ப நாளு தெரியாமக் கெடந்தேன். ராப்புன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும், ‘அட, ஏசுததுக்குக்கூட தாளம் போட்டு வச்சிருக்கானுவளே’ன்னு உள்ள எறங்கிட்டேன்.

கூட்டாளி காசி. விசைத்தறி ஓட்டுதான், வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருக்கான். தறிச் சத்தத்த செல்லுல புடிச்சி, வெட்டி ஒட்டி, பூ மார்க்கெட்டுல ஏலம் கூவுதத நடுவுல சொருவி, அதுக்கு மேல என்னையப் பேச விட்டான். மொத்தம் எட்டுப் பாட்டு, முப்பத்திமூணு நிமிசம். பல்லவியே கெடையாது. ஒரு பாட்டுல வெறும் மூச்சுதான். இன்னொரு பாட்டுல நடுவுல அரை நிமிசம் ஒண்ணுமே இல்ல. “என்னலே இது?”ன்னா “பரிசோதன முயற்சி”ம்பான். யாரப் பரிசோதிக்கான்னுதான் அப்பம் எனக்கு வெளங்கல.

ரிலீசுக்கு முந்தின நாளு கறாராச் சொல்லிட்டான்: “ஏலே, ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்து இதையும் பாக்க என் ஒடம்பு கேக்காது. ஒரே ஒரு ஆளு மொதல்ல இருந்து கடைசி வர கேக்கட்டும், அடுத்த ரெக்கார்டுக்கு வாரேன். ஆடி மாசம் முடியுத வரைக்கும் பாப்பேன். இல்லைன்னா என்னையத் தறியோட விட்டுரு.” எனக்குக் கம்ப்யூட்டரு தட்டத் தெரியாது. காசி இல்லைன்னா நான் பழையபடி “ஹலோ, மைக் டெஸ்டிங்”தான்.

நெட்டுல ஏத்தியாச்சு. எத்தன பேரு பாத்தாவன்னு அதுல நம்பர் காட்டும். அதுல பாதி நானு. சொந்தமா ஒண்ணு பாடிப்புட்டு, கேக்கவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன மக்கமாரே, மேல படிங்க. நம்ம எல்லாருக்கும் ஒரே வலிதான்.

சடங்கு வீட்டுல ரிலீஸ்

பெரிய ஆளுவ மண்டபம் புடிச்சி ரிலீஸ் பண்ணுவாவ. நமக்கு எதுக்கு மண்டபம்? இளையரசனேந்தல் பக்கம் ஒரு சடங்கு வீட்டுக்குச் செட் கட்டப் போயிருந்தேன். குழா ஸ்பீக்கரு நம்மளது, பொட்டி நம்மளது, முன்னூறு பேரு பந்தலுக்குள்ள ஒக்காந்துருக்காவ, பந்தி முடியாம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாவ. இதவிட எங்க கூட்டம் கெடைக்கும்? தாய்மாமன் சீரு வந்து எறங்குனதும் மைக்கப் புடிச்சேன். “பெரியோர்களே, தாய்மார்களே, ஒலகத்துலயே மொத மொறையா...”ன்னு சொல்லி மொதப் பாட்டப் போட்டுவிட்டேன்.

தடக்கு தடக்குன்னு தறி ஓடுது. சட்டுன்னு நிக்கி. நான் ஒரு வார்த்த பேசுதேன். திரும்பத் தடக்கு. சமையக்காரரு கரண்டியோட எட்டிப் பாக்காரு. ரெண்டு எளந்தாரிவ பந்தக்காலு மேல ஏறி வயரப் புடிச்சி ஆட்டுதானுவ. ஒருத்தன் பொட்டிய ஓங்கி ரெண்டு அறை அறைஞ்சான், அந்த நேரம் பாத்து தறி கரெக்டா ஓட ஆரம்பிச்சிட்டு, “சரியாயிட்டு, சரியாயிட்டு!”ன்னு கைதட்டுதானுவ. ரெக்கார்டுக்குக் கெடைச்ச மொதக் கைதட்டு அதுதான். மறுபடி நின்னுட்டு. சீர்த்தட்ட எறக்கி வச்சிட்டு தாய்மாமனே நேரா எங்கிட்ட வந்தாரு. அடிக்கத்தான் வாராருன்னு நெனச்சேன். தோள்ல கையப் போட்டு மெதுவாச் சொன்னாரு: “செட்டுக்காரரே, எலி வயரக் கடிச்சா நீரு என்ன செய்வீரு, பாவம். பிள்ளைக்கு நல்ல நாளு பாத்துக்கிடும், நாதஸ்வரம் ஒண்ணு போட்டுவிடும்.”

மினி பஸ்ஸுல மூணாவது பாட்டு

பனவடலிசத்திரம் போற மினி பஸ் டிரைவரு நமக்குப் பழக்கம். அவருகிட்ட பென் டிரைவக் குடுத்துட்டு, நானே டிக்கெட் எடுத்து கடைசி சீட்டுல ஒக்காந்துட்டேன். முக்கா மணி நேர ஓட்டம். எறங்குத வரைக்கும் ஒருத்தரும் தப்பிக்க முடியாதுன்னு கணக்கு.

ரெண்டு பாட்டு ஓடிட்டு. எம்மனசு பறக்கு. மூணாவதுல கிரீச்சு, டொக்கு, டொக்குன்னு ஒரு சத்தம் வரும். காசி அதத்தான் உசுரா நெனச்சிக்கிட்டு இருந்தான். டிரைவரு ஓரங்கட்டிட்டாரு. கண்டக்டரு எறங்கி டயரத் தட்டுதாரு. டிரைவரு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு அடியில போயிட்டாரு. பூக்கூட வச்சிருந்த ஒரு அக்கா, “போன வாரமும் இதே சத்தந்தான், அப்பமே சொன்னேன்”னு சாட்சி சொல்லுதா. போன வாரம் பாட்டே வெளிய வரல! நான் வாயத் தொறக்கணும்னுதான் நெனச்சேன். அத்தன பேரும் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தாவளா, எதுக்கு வம்புன்னு ஜன்னலு வழியா பருத்திக்காட்டப் பாத்தேன். இஞ்சின அமத்துன பொறவும் டொக்கு டொக்குன்னு கேட்டதுலதான் டிரைவருக்குப் புரிஞ்சிது. கையெல்லாம் கிரீசோட வந்து பென் டிரைவப் புடுங்கி எங்கிட்ட நீட்டுனாரு. “முப்பிடாதி, பாட்டக் கொறை சொல்லல. வண்டி ஓடாத அன்னைக்கிக் கொண்டா, கேக்கேன்.”

விமர்சனம்

ஒரு நாளு மெட்ராசுல இருந்து ஒரு தம்பி போன் போட்டுச்சு. நெட்டுல பாட்டுகளப் பத்தி விமர்சனம் பேசுத தம்பியாம். “அண்ணா, பின்னிட்டீங்க! சத்தத்தையே எதிர்ப்பா மாத்திட்டீங்கண்ணா”ன்னுச்சு.

“எதுக்கு தம்பி எதிர்ப்பு?”

“எல்லாத்துக்கும்ணா!”

எனக்குப் புல்லரிச்சிப் போச்சு. எதுக்க நின்ன காசிகிட்ட கட்டவிரலத் தூக்கிக் காட்டுனேன். ‘ஆளு கெடைச்சிட்டாருலே!’ அந்தத் தம்பி கால் மணி நேரம் பேசுச்சு. உழைப்புங்குது, உடல்ங்குது, மௌனத்தோட அரசியல்ங்குது. அரை நிமிசம் ஒண்ணுமே இல்லாம விட்டதுல அம்புட்டு அரசியல் இருக்குன்னு எனக்கே அன்னைக்கித்தான் தெரியும். கடைசியா ஒரு பேச்சுக்கு, “எட்டாவது பாட்டு எப்படி தம்பி இருந்துது?”ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனத்தோட அரசியல் நடந்துச்சு. பொறவு சொல்லுச்சு: “ரெண்டாவதுலயே உங்க மொத்த ஐடியாவும் பிடிபட்டுருச்சுண்ணா. மீதி கேட்டா என் விமர்சனம் கெட்டுடும்.”

கட்டவிரல எறக்கிட்டேன்.

வீட்டுல

வெளிய கெடைக்காத ஆள வீட்டுல புடிப்போம்னு எம்பொண்டாட்டி பேச்சிகிட்ட போனேன். வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தா. காதுல மாட்டுத வயர நீட்டுனேன்.

“இதுல என்னையப் பத்தி ஏதும் பாடியிருக்கீரா?”

“இல்லட்டி, உன்னையப் பத்தி ஒரு வரிகூட இல்ல.”

“அப்பம் நான் எதுக்குக் கேக்கணும்?”

“சும்மா சொன்னேன். நாலாவது பாட்டு முழுக்க நீதான்.”

கத்தியக் கீழ வச்சிட்டு என்னையவே பாத்தா. “அப்படின்னா கேக்கவே மாட்டேன். கேட்டேன்னா நம்ம ரெண்டு பேருக்குந்தான் கஷ்டம்.”

ஒரே ஒரு ரசிகரு

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை அண்ணாச்சி, தெனமும் நம்ம ரெக்கார்டப் போடுதாருன்னு சேதி வந்துது. நான் நம்பல. போயிப் பாத்தா, சத்தியமா ஓடுது! கடைக்குள்ள எங்கொரல் கேக்கு. அண்ணாச்சி என்னையப் பாத்ததும் எந்திரிச்சி நின்னு ஸ்பெஷல் டீ போட்டாரு. கண்ணு கலங்கிட்டு எனக்கு.

பொறவுதான் சுத்திப் பாக்கேன், பெஞ்சுல ஒரு ஆளு இல்ல. அண்ணாச்சி வெவரம் சொன்னாரு. காலையில ஒரு டீயக் குடிச்சிட்டு உச்சி வரைக்கும் பேப்பரு படிக்க ஆளுவ அங்கன ஏழெட்டு உண்டு. ஏசியும் பாத்துருக்காரு, பெஞ்சுல தண்ணி ஊத்தியும் பாத்துருக்காரு, ஒருத்தரும் அசையல. நம்ம ரெக்கார்டுல மூச்சு விடுத பாட்டப் போட்டாருன்னா அஞ்சு நிமிசத்துல பெஞ்சு காலியாம். பாட்டு முடியுததுக்கு முன்னயே இவரும் அமத்திருவாரு, அவருக்கும் காது இருக்குல்லா. டீக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டு எங்கையப் புடிச்சிக்கிட்டாரு: “அடுத்தத எப்பம் வே போடுவீரு? இதுல ரெண்டு பேருக்குப் பழகிட்டு வருது, இனி எந்திரிக்க மாட்டானுவ.”

தறி பிட்டரு

ஆடி முடிய நாலு நாளு இருக்கு. காசி தறிக்கே போறேன்னு முடிவு பண்ணி, கம்ப்யூட்டர துணி போட்டு மூடி வச்சிட்டான். அன்னைக்கி மத்தியானம் ரெண்டு பேரும் நம்ம செட்டுக் கடையில வயரச் சுத்திக்கிட்டு ஒக்காந்துருக்கோம். காசி வேல பாக்க தறிக்கூடத்துப் பிட்டரு மாரியப்பன் அங்க வந்தாரு. தறி ரிப்பேரு பாக்கவரு, தேவையில்லாம ஒரு வார்த்த பேசமாட்டாரு. “நம்ம தறிய வச்சி என்னமோ பண்ணியிருக்கியளாமே. பெரிய பொட்டியில போடுங்க”ன்னாரு.

போட்டேன். ஸ்டூல இழுத்துப் பொட்டிக்கு மூணடி தள்ளிப் போட்டு ஒக்காந்தாரு. ஒரு பாட்டு. ரெண்டு. மூணு. ஆளு அசையல. அரை நிமிசம் ஒண்ணும் இல்லாத எடம் வந்துது, எந்திரிச்சிருவாருன்னு நான் ஸ்டூலயே பாக்கேன். பேச வாயெடுத்த காசிய ‘சும்மா இரு’ன்னு கையக் காட்டி நிப்பாட்டுனாரு. மூச்சுப் பாட்டையும் கேட்டாரு. எட்டாவதும் முடிஞ்சிது. முப்பத்திமூணு நிமிசம்! காசி எந்தொடையக் கிள்ளுதான், நான் அவன் தொடையக் கிள்ளுதேன். “ஆறாவத இன்னொரு வாட்டி போடு”ன்னாரு. கண்ண மூடிக்கிட்டு அதையும் கேட்டாரு.

“இது வடக்குச் சுவரு ஓரமா கெடக்க ரெண்டாம் நம்பரு தறிதான?”

“ஆமாண்ணே”ன்னான் காசி.

“நாடாவத் தள்ளி விடுத பிக்கரு தேஞ்சி போச்சு. ஊட நூலக் கொண்டுபோற நாடா போயி தறிப் பெட்டியில ரெண்டு வாட்டி இடிக்கி. துணியில எழை எங்க அறுதுன்னு ஒரு மாசமாத் தேடுதேன், தறிக்கூடத்து எரைச்சல்ல புடிபடல. இதுல தனியாக் கேக்கவும் தெரிஞ்சிட்டு. நாளைக்கி மாத்திருதேன். மத்தபடி பாட்டுல கொறை ஒண்ணும் இல்ல.” சொல்லிட்டு ஸ்டூல இருந்த எடத்துல வச்சிட்டுப் போயிட்டாரு.

அந்த ரெட்டத் தட்டத்தான் நாங்க புதுத் தாளம்னு ரெண்டு மாசமாக் கொண்டாடிக்கிட்டுத் திரிஞ்சோம். நான் தலையில கைய வச்சி ஒக்காந்துட்டேன். காசி எந்தோளத் தட்டுனான்.

“ஏலே, முழுசாக் கேட்டாருல்லா?”

“கேட்டாரு. ஆனா எதுக்குக் கேட்டாருன்னு...”

“எதுக்குக் கேட்டா என்னலே? எந்திரி, நாளைக்கி அவரு பிக்கர மாத்துததுக்கு முன்ன அந்த ரெண்டாம் நம்பர நல்ல மைக்குல எடுத்துருவோம்.”

ஆக மக்கா, ஊருல அத்தன பேரும் நம்ம பாட்டுல பழுது இருக்குன்னுதான் சொன்னாவ, எந்தப் பாட்டுல எந்தத் தறியிலன்னு சொன்ன ஒரே ஆளு அவருதாங்கதால அடுத்த ரெக்கார்டுக்கு ரசிகர் மன்றத் தலைவரு இப்பமே ரெடி.