கோணேஸ்வரியின் குட்டைத் துவக்கு

கோணேஸ்வரி முதன்முதலில் துவக்கைத் தொட்டது 1983ஆம் ஆண்டு ஆனி மாதம், தொழிற்சாலைக்காரர் நடத்திய பிக்னிக்கில். அவள் வேலை செய்த இடத்தில் வானொலிப் பெட்டிகளுக்கான தகடுகள் செய்தார்கள். அரிசிமணி அளவான உறுப்புகளைச் சாமணத்தால் எடுத்து, தகட்டில் வைத்து, ஈயத்தால் ஒட்ட வேண்டும். அங்கே மேற்பார்வை பார்த்த போர்மன் றொபேட்டுக்கு, ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை இருந்தது. அங்கேதான் எல்லோரையும் கூப்பிட்டு, இறைச்சி சுட்டு, பின்னேரம் ஆசைப்பட்டவர்களுக்கு வேலியில் டின் வைத்துச் சுடக் கொடுத்தார்.

ஆம்பிளைகள் சுட்டு முடிந்ததும் றொபேட் சும்மா ஒரு பேச்சுக்குப் பெண்கள் பக்கமும் திரும்பிக் கேட்டார். யாரும் அசையவில்லை. "போய்ச் சுடப்பா" என்று முதுகில் தட்டியது அவளுடைய கணவன் குஞ்சித்தம்பிதான். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். துவக்கு அவளுக்கு மிகவும் நீளம். மரப்பிடி தோளை இடித்த இடியில் ஒரு கிழமைக்கு அங்கே கறுத்துப்போய் இருந்தது. ஆனால் வேலியில் இருந்த டின் எகிறிப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை அடித்தபோது குஞ்சித்தம்பி கையிலிருந்த தட்டைப் புல்லில் போட்டுவிட்டுக் கைதட்டினான்.

அதற்குப் பிறகு அந்த ஆசை அவளை விடவில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். திருகோணமலையில் பிறந்து, மட்டக்களப்பானைக் கட்டி, பத்து வருடங்களுக்கு முன்பு ரொறன்ரோவுக்கு வந்து, மில்லிக்கனில் ஒரு சின்ன வீடும் வாங்கிவிட்ட நாற்பது வயதுப் பொம்பிளை, தனக்குத் துவக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வாள்? பிள்ளைகள் இல்லாத வீடு. இருவரும் வேலை, சமையல், கோயில், தூக்கம் என்று இருந்தார்கள். அன்று அந்த டின் எகிறும் வரைக்கும் மூச்சை அடக்கி நின்ற கணத்தில், மனம் அவ்வளவு அமைதியாக இருந்ததை அவள் மறக்கவில்லை.

அடுத்த வருடம் கலியாண நாள் வந்தபோது குஞ்சித்தம்பி கேட்டான். "இஞ்சேரப்பா, இந்த முறை என்ன வேணும்? காப்புச் செய்விப்பமோ?"

அவள் கோப்பை கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "துவக்கு."

அவனுக்குத் தேத்தண்ணி புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "எந்த மாதிரித் துவக்கு?"

அந்தக் கேள்விக்காகவே அவள் அவனை இன்னொரு முறை கட்டியிருப்பாள்.

துவக்கு வாங்குவதற்கு முதலில் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும். மேசையில் இருந்த இளம் பொலிஸ்காரன் குஞ்சித்தம்பியைப் பார்த்தே பேசினான். தனக்குத்தான் வேண்டும் என்று அவள் சொன்னதும், எதைச் சுடப் போகிறீர்கள் என்று கேட்டான். "டின்" என்றாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினான்.

பத்திரம் கைக்கு வந்ததும் றொபேட்டே அவர்களைக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் எடுத்துக் காட்டிய முதல் நாலைந்தும் அவளுடைய கைக்கு எட்டவில்லை. கடைசியாக, கீழ்த்தட்டில் இருந்து ஒரு குட்டையான றைபிளை எடுத்து வைத்தார். குழல் ஒரு முழத்தைவிடக் குறைவு. விரல்களை நுழைத்துப் பிடிக்க அடியில் ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தை முன்னுக்குத் தள்ளி இழுத்தால் சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே துள்ளும்; புதுத் தோட்டா உள்ளே ஏறும். அது றைபிள்தான், ஆனால் தின்பது றிவோல்வர் தோட்டா, அதனால் தோளை இடிக்காது என்று கடைக்காரர் விளக்கினார். தோட்டாவில் இரண்டு வகை. நீளமானது கொஞ்சம் முரடு. கட்டையானது சாது. இரண்டும் அதே துவக்கில் போகும். கோணேஸ்வரி அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். கன்னம் தானாகவே மரத்தில் போய்ப் படுத்தது.

"உது உனக்கெண்டே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றான் குஞ்சித்தம்பி.

ஸ்ரௌவ்விலுக்கு அப்பால், சரளைக்கல் தோண்டிய பழைய கிரவல் குழி ஒன்றில் சின்னச் சுடுகழகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குஞ்சித்தம்பி கார் ஓட்டுவான். பின்னால் பெட்டியில் துவக்கும், பிளாஸ்கில் தேத்தண்ணியும், உளுந்து வடையும், மடக்குக் கதிரையும் வரும். முதல் நாளே மேலே துள்ளிய சூடான கோது ஒன்று அவளுடைய சட்டைக் கழுத்துக்குள் விழுந்து, அவள் குதித்த குதியைப் பற்றிக் கழகத்தில் கனகாலம் கதைத்தார்கள். குஞ்சித்தம்பி துவக்கைத் தொடுவதில்லை. காதடைப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் இருந்து, ஒற்றைக் கண் தொலைநோக்கியால் தூரத்துக் கடதாசி இலக்கைப் பார்த்து, எங்கே பட்டது என்று மணிக்கூட்டுக் கணக்கில் சொல்லுவான்.

"மூண்டு மணிப் பக்கம். கொஞ்சம் இடப்பக்கம் எடு. ஆ, நடு! நடுவில விழுந்திட்டுது, கோணேசு!"

1985இல் அவனுடைய தங்கை கனகாம்பிகை மட்டக்களப்பிலிருந்து தப்பி வந்து அவர்களோடு தங்கினாள். கதவு அடித்துச் சாத்தினால்கூட அவளுடைய தோள்கள் ஒடுங்கும். அலுமாரியில் பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த அன்று அவள் சாப்பிடவில்லை. கோணேஸ்வரி அடுத்த நாளே துவக்கைக் கொண்டுபோய் றொபேட்டின் பண்ணையில் பூட்டி வைத்தாள். கனகாம்பிகை தனக்கென்று வேலையும் அறையும் தேடிக்கொண்டு போகும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. போகிற அன்று அவளே சொன்னாள்.

"மச்சாள், அதை வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. அது உங்கட. நான் பயந்தது வேற ஆக்களின்ர துவக்குக்கு."

அடுத்த வருட இலையுதிர் காலத்தில்தான் அது நடந்தது. காற்று இல்லாத ஒரு ஞாயிறு. கோணேஸ்வரி ஐந்து வெடி வைத்தாள். "நடு, நடு" என்று அவன் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். சுடுவதை எல்லோரும் நிறுத்திய நேரத்தில் அவள் நடந்துபோய்ப் பார்த்தாள். ஐந்து ஓட்டையும் கடதாசியின் கீழ் மூலையில் இருந்தன. காரில் வரும்போது துவக்கில் குறிபார்க்கும் தகடு இடிபட்டு நகர்ந்திருந்தது.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று திரும்பி வந்து கேட்டாள். தன்னைக் குளிர்விக்கச் சொன்னானோ என்று கோபம்.

"பொய்யோ? சூரியன் கண்ணில அடிச்சுது போல."

வானம் முழுக்க மேகமாக இருந்தது. வரும் வழியில் பழகிய திருப்பத்தை அவன் தவறவிட்டதும், விமான நிலைய இரவு வேலைக்கு இப்போதெல்லாம் இருட்டுமுன் புறப்படுவதும், பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் திருப்பாமல் இருப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய நினைவுக்கு வந்தன. மறுபடியும் இலக்கு வைக்கப் போனபோது அவள் பழைய கடதாசியைக் கழற்றினாள். புதிதாக ஒன்றையும் வைக்கவில்லை. வெறும் சட்டம் மட்டும் நின்றது. திரும்பி வந்து, சட்டத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஒரு வெடி வைத்தாள்.

குஞ்சித்தம்பி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தான். கனநேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, பிரியமாகச் சொன்னான். "நடுவில, கோணேசு."

அவள் துவக்கை வெறுமையாக்கித் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு, அவனருகில் போய்க் குந்தினாள். தொலைநோக்கியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"அங்க கடதாசியே இல்லையப்பா."

அவன் காதடைப்பைக் கழற்றி மடியில் வைத்தான்.

"எவ்வளவு காலமா?"

"கோடையில இருந்து. முதலில மழைக் கண்ணாடியால பாக்கிற மாதிரி. இப்ப நடுவில ஒரு கறுப்பு."

"பிறகு எப்பிடிக் கார் ஓடினனீங்கள்? மிசிசாகா எயர்போட் வரைக்கும்?"

"பழகின றோட்டுத்தானே. முன்னால போற காரின்ர சிவப்பு லைற்றைப் பிடிச்சுக்கொண்டு போவன்." பிறகு குரல் இறங்கியது. "வேலை போயிடும் எண்டு பயந்திட்டன். நீ கவலைப்படுவாய் எண்டும்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அவனுடைய கையைத்தான் பிடித்தாள், விடவில்லை. கழகத்துக்கு வந்திருந்த றொபேட் அவர்களுடைய காரை ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணுக்குள் ஏறியிருக்கிறது என்றார் டொக்டர். லேசர் கதிரால் பல தடவை சுட்டார்கள். மிஞ்சியது வெளிச்சமும் நிழலும், ஓரங்களில் கொஞ்சம் உருவமும். இன்னும் ஒரு பனிமாரிக்கு இதை ஒளித்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டியவனுக்கு அங்கே இனி இடம் இல்லை. அந்த மாரி முழுக்க அவன் யன்னலோரம் இருந்தான். வானொலியைக்கூடப் போடமாட்டான். கோணேஸ்வரி பிளாசாவின் வெறும் கார்த்தரிப்பிடத்தில் கார் ஓடப் பழகினாள். முதல் சோதனையில் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். துவக்கை அவள் தொடவே இல்லை. விற்றுவிடுவோம் என்று ஒருநாள் சொன்னபோதுதான் அவன் யன்னலை விட்டுத் திரும்பினான்.

"என்ர கண்ணுக்கு உன்ர துவக்கு என்ன குற்றம் செய்தது?"

அவள் றொபேட்டிடம் தயங்கித் தயங்கி ஒரு காரியம் கேட்டாள். பனி உருகிய பிறகு அவர் தடித்த இரும்புத் தட்டுகள் மூன்றை வட்டமாக வெட்டி, கிரவல் குழியில் சங்கிலியில் கொஞ்சம் சரித்துத் தொங்கவிட்டார். ஒன்று பெரிசு, ஒன்று நடுத்தரம், ஒன்று உள்ளங்கை அளவு.

குஞ்சித்தம்பியை அவள் வற்புறுத்தித்தான் கூட்டி வந்தாள். "நான் வந்து என்ன செய்யிறது?" என்றவன், கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். கோணேஸ்வரி தாராளமாகத் தள்ளி நின்று, சாதுவான தோட்டாவையே போட்டு, மூச்சை அடக்கிச் சுட்டாள்.

டங் என்று குழி முழுக்க முழங்கியது.

அவனுடைய தலை நிமிர்ந்தது. "என்னப்பா அது?"

"நீங்களே சொல்லுங்கோ."

மறுபடி சுட்டாள். இம்முறை ஒலி கொஞ்சம் மெலிந்து, உயர்ந்து வந்தது. "இது வேற" என்றான். "இது சின்னன். இல்லை, இதிலும் சின்னன் ஒண்டு இருக்கும்." அவள் மூன்றாவதைக் குறிபார்த்தாள். அது இலேசில் படுகிற தட்டு அல்ல. முதல் வெடி மண்ணில் போனது. "தப்பிட்டுது" என்றான் உடனே. இரண்டாவது வெடிக்குக் கோயில் கைமணி போலக் கிணுங்கியது. குஞ்சித்தம்பி எழுந்து நின்றுவிட்டான். "நடு! கோணேசு, இது நடு! ஓரத்தில பட்டா இப்பிடிப் பாடாது!"

அவள் துவக்கை இறக்கி வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அவனுக்குத் தெரியாது என்று நினைத்தாள். "மூக்கைச் சீறிப்போட்டு மற்றதையும் சுடு" என்றான்.

அதன் பிறகு அவன் ஒரு ஞாயிறையும் விட்டதில்லை. கழகத்துக்காரர்களும் அவனிடம் கேட்கத் தொடங்கினார்கள். தட்டில் பட்டதா, ஓரத்தில் உரசியதா என்று சண்டை வந்தால் குஞ்சித்தம்பியின் சொல்லே முடிவு. தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் றொபேட் அவனுக்கு ஒரு வேலையும் எடுத்துக் கொடுத்தார். காலையில் கோணேஸ்வரி கார் ஓட, அவன் பக்கத்தில் இருந்து வேகமாகப் போகாதே என்று புத்தி சொல்லிக்கொண்டு போவான்.

1988 கோடையில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து அவனையும் ஒருமுறை சுடச் சொன்னார்கள். கோணேஸ்வரி பின்னால் நின்று அவனுடைய இரண்டு முழங்கையையும் பிடித்துத் திசை காட்டினாள். அவளுடைய அளவுக்கு இருந்த துவக்கு அவனுடைய கையில் விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தது. உள்ளே இருந்த அத்தனை தோட்டாவையும் சுட்டு முடித்தான். ஒன்றுகூட இரும்பில் படவில்லை. குழி அமைதியாக இருந்தது.

குஞ்சித்தம்பி துவக்கை அவளிடம் பக்குவமாக நீட்டினான். "இரும்பு பிழைச்சுப் போகட்டும்" என்றான். "வடையை எடு."