காலையில் ஒரு தம்ளர் அதிமதுரம்

என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் கருவாடு தின்கிறார் என்று ஏழெட்டு மாதம் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

கீரிப்பாறை ரப்பர் தோட்ட ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் சபையின் பாடகர் குழுதான். அடித்தொண்டையில் இருந்து வரும் கனத்த குரல். போன வருஷ மழையில் சளி பிடித்து அந்தக் குரல் கட்டிக்கொண்டது. மனிதர் சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். நான்தான் வடசேரிக்குப் போய் நாட்டுமருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கிவந்தேன். "ஒரு வாரம் குடுங்க, போதும்" என்றார் கடைக்காரர். இடித்துக் கொதிக்கவைத்து தினமும் காலையில் ஒரு தம்ளர் கொடுத்தேன். இனிப்பாக இருந்ததால் முகம் சுளிக்காமல் குடித்தார். நாலாம் நாள் இருமல் நின்றது, ஞாயிற்றுக்கிழமை பாடினார். இவ்வளவு நல்லதை நிறுத்துவானேன்? வேர்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்று நான் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றிரண்டு மாதத்தில் அவருக்குப் பிரஷர் ஏறியது. டாக்டர் மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் வீட்டை விட்டே துரத்தினேன். மீன்குழம்பு வாயில் வைக்க விளங்காது. அதைத்தான் நானும் தின்றேன். அடுத்த மாதம் பார்த்தால் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. மாத்திரை இரண்டானது. காலில் நீர் கோர்த்து செருப்பு நுழையாமல் போனது, அதற்கும் ஒரு மாத்திரை. வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று டாக்டர் கேட்டபோதெல்லாம், "ஒண்ணும் இல்ல" என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். கஷாயத்தை நான் மருந்தாகவே நினைக்கவில்லை.

எனக்கு அவருடைய தங்கச்சி மேல் சந்தேகம். முட்டத்துக்குப் பக்கத்தில் அவள் வீடு. நெத்திலிக் கருவாடு அங்கே எப்போதும் உண்டு. இவர் வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

"உள்ளதைச் சொல்லுங்க. அங்க போயி கருவாடு தின்னியளா இல்லியா?"

"சத்தியமா இல்லட்டி. பாலில்லாத கட்டஞ்சாயா மட்டுந்தான் குடிச்சேன்."

"பொறவு பிரஷர் ஆகாசத்துல இருந்தா குதிக்குது?"

ஒருநாள் கோபமும் வெப்ராளமும் தாங்காமல் அவளுக்கே போன் போட்டு, "அண்ணன் உயிர எடுத்துட்டுதான் அடங்குவியா? இனி அவியள அங்க கூப்பிடாத, நீயும் இங்க வராத" என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அவரும் போகவில்லை. என்னோடு சண்டைகூடப் போடவில்லை. எனக்கும் அலுத்துப்போய்விட்டது. கட்டிய புருஷனுக்குக் காவல் இருப்பதெல்லாம் ஒரு பிழைப்பா?

பிறகு கால்கள் துவள ஆரம்பித்தன. சபைக் கோயில் படி ஏற என் தோளைப் பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவே பாட்டுப் புத்தகத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சு தாறுமாறா அடிக்குது" என்றார். ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. ரத்தத்தில் பொட்டாசியம் பயங்கரமாகக் குறைந்திருக்கிறது என்றாள். "காலையில எழும்பினதுல இருந்து இவர் வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள். நான் பெருமையாகவே ஆரம்பித்தேன். கஷாயத்தைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தினாள்.

"அதிமதுரமா? எத்தனை மாசமா?"

சொன்னேன்.

"அம்மா, அது தொண்டைக்கு நாலு நாள் குடிக்கிறது. மாசக்கணக்கா குடிச்சா உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிரும். வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரையும் பொட்டாசியத்தைத் தள்ளத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயம் நின்னிருக்கும்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குழம்பில் நான் குறைத்த உப்பையெல்லாம் நான் கொடுத்த கஷாயமே அவர் உடம்புக்குள் தேக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மனிதர் ஒருநாள்கூடப் பொய் சொல்லவில்லை.

கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்தில் நின்று, "நாந்தான் உங்கள இப்பிடிக் கெடத்திட்டேன்" என்றேன். சொல்லவே வெட்கமாக இருந்தது.

"சவத்த விடுட்டி. தெரிஞ்சா செய்த?" கண்ணைத் திறக்காமல் பேசினார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். தங்கச்சிக்கு ஒரு போன் போடு."

வராந்தாவுக்கு வந்து போட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

எடுத்தாள். என் பெயரைப் பார்த்திருப்பாள் போல. நான் வாயைத் திறக்கும் முன்பே, "மயினி, அண்ணன் இருக்காவளா?" என்றாள்.

"இருக்காவ. நீ ஒடனே பொறப்பட்டு வா" என்றேன்.