மகளிர் பெட்டியில் என் முதல் மேடைப் பேச்சு

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கொமூட்டர் ரயிலில் கிளம்பினேன். அங்கே ஒரு மண்டபத்தில் நூறு பேர் முன்னால் பேச வேண்டும். கேரி தீவு எஸ்டேட் பிள்ளைகளுக்கு நானும் இரண்டு நண்பர்களும் நடத்தும் ஞாயிறு வகுப்புக்கு ஆசிரியர்கள் கிடைக்காவிட்டால், அந்த மாதத்தோடு இழுத்து மூட வேண்டியதுதான். ஆசிரியர்கள் வேண்டும் என்று கேட்க முந்தின மாதம் இன்னொரு மேடையில் ஏறி, "சிரம் தாழ்ந்த வணக்கம்" என்பதோடு நாக்கு ஒட்டிக்கொள்ள, அப்படியே இறங்கி வந்தவன் நான். ஒருவரும் முன்வரவில்லை.

இந்த முறை விடக்கூடாதென்று முழு உரையையும் கைப்பேசியில் பதிவு செய்திருந்தேன். கதவு மூடும் நேரத்தில் ஓடி ஏறி, வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, பதிவோடு சேர்ந்து முணுமுணுத்தேன். முணுமுணுப்பதாகத்தான் நினைத்தேன்.

ஷா ஆலம் தாண்டியதும் யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால், பெட்டி முழுக்கப் பெண்கள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எதிர்க் கண்ணாடியில் இளஞ்சிவப்பு எழுத்தில் 'பெண்களுக்கு மட்டும்'. சட்டென்று ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஸாரி ஆன்டி, தெரியாம ஏறிட்டேன். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடறேன்."

தட்டிய ஆன்டியின் மடியில் காய்கறி நிறைந்த பாசார் பை. "இறங்கலாம் லா தம்பி. கிள்ளான்லேர்ந்து கத்திக்கிட்டு வரீங்க, காதே போச்சு. அந்தக் கலங்கரை விளக்கத்த விடுங்க. நடுவுல ஒரு பிள்ள வந்துச்சே, அது பரிட்ச பாஸா இல்லையா?"

உரையில் அந்தச் சிறுமிக்கு ஒரே வரிதான் கொடுத்திருந்தேன். மற்றதெல்லாம் கலங்கரை விளக்கமும் அறிவுச் சுடரும்தான்.

"இல்ல ஆன்டி. கணக்குல பெயில். சொல்லித் தர ஆள் இல்லன்னு நானே வீடியோ பார்த்துட்டுப் போய் பின்னக் கணக்கு நடத்துனேன். தப்பா நடத்திட்டேன். அது என்னை நம்பி அப்படியே எழுதிட்டு வந்துருச்சு."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, நண்பர்களிடம்கூட. முன்பின் தெரியாத ஒரு பெட்டி நிறையப் பேரிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். கம்பியைப் பிடித்து நின்றபடியே சுபாங் ஜெயா வரை பேசினேன். பெட்டி மாறலாம் என்று நான் அங்கே இறங்கும்போது, மருத்துவமனைத் தாதி உடையில் இருந்த ஓர் அக்கா, "எத்தன மணிக்கு கிளாஸ்? எனக்கு மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழம ஆஃப்" என்று என் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"போங்க தம்பி, ஆம்பளைங்க பெட்டியில ஏறி இதையே கத்துங்க" என்றார் ஆன்டி. பெட்டியே சிரித்தது.

மண்டபத்தில் உரைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எங்க வகுப்புல ஒரு பிள்ளைக்கு நான் கணக்கைத் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தேன். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் பாடம் சொல்லித்தர நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். மறுவாரம் வகுப்புக்குத் தாதி அக்காவும் வந்து நின்றபோது நம்பவே முடியவில்லை.

மேடைப் பயம் இன்றும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எதிரே எத்தனை பேர் இருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்க ஒருவராவது காத்திருப்பார் என்ற நினைப்பில் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.