ஆற்றில் கிடைத்த பச்சைச் சட்டை

இன்று காலை சங்கராபரணி ஆற்றைச் சுத்தம் செய்யப் போனோம். எங்கள் குழுவை நடத்திய தனசேகர் அண்ணன் இறந்த பிறகு இதுதான் முதல் முறை. இப்போது அவர் மனைவி மலர் அக்காதான் முன்னால் நிற்கிறார்.

கருமாதித் துணிகளை ஆற்றில் விடாதீர்கள் என்று அண்ணன் சண்டை போடாத தெரு செஞ்சியில் இல்லை.

முள்ளில் சிக்கியிருந்த ஒரு மூட்டையை இழுத்துப் பிரித்தேன். மேலே எங்கள் குழுவின் பச்சைச் சட்டை. முதுகில் ‘தலைவர்’ என்று இருந்தது. கிண்டலுக்காக நாங்கள் அச்சடித்துக் கொடுத்தது.

“அக்கா, இது அண்ணனோடது...”

“கருமாதி அன்னிக்கு வேணாம்னு சொன்னேன்டா. மாமா கேக்கல. புள்ளையப் பறிகுடுத்தவருகிட்ட இன்னான்னு சண்ட போடுறது?”

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?”

சேறோடு அதை முகத்தில் அழுத்திக்கொண்டார். பிறகு அவரே குப்பைச் சாக்கில் போட்டார்.

“ஆத்துல கெடந்தா அவருக்குப் புடிக்காது.”

அப்படியே கரையில் உட்கார்ந்து அழுதார். யாருக்கும் அதற்குமேல் வேலை ஓடவில்லை.

கிளம்பும்போது, “மாமாவுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாரு” என்றார்.

மாமா ஃபேஸ்புக்கில் இல்லை. இதைப் படிக்கும் அண்ணன் வீட்டுச் சொந்தக்காரர்களே, இதை எழுதியதற்காக என்னை இங்கேயே எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அவரிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.