ஏறாத எண்

நொதியத்தின் வேகத்தை அளக்கும் செய்முறை வகுப்புக்கு, ஆளுக்கொரு பிடி தேயிலைக் கொழுந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இடித்துப் பிழிந்த சாற்றை, இலையிலேயே இருக்கும் நொதியம் மெல்லப் பழுப்பாக்கும். பழுப்பு கூடக் கூட நிறமாலை ஒளிமானியில் எண் ஏறும். ஒரு மாணவியின் கொப்பியில் மட்டும் பத்து நிமிடத்துக்கும் ஒரே எண் இருந்தது.

கருவியில் வைக்காமலே எழுதியிருக்கிறாள் என்று நினைத்துச் சிவப்பு மையில் பூச்சியம் போட்டேன். பிறகு மனம் கேளாமல் அவளுடைய சோதனைக்குழாயை நானே வைத்துப் பார்த்தேன். எண் அசையவில்லை. அப்போதும் சந்தேகம் போகவில்லை. சாற்றுக்குப் பதில் வேறெதையோ ஊற்றியிருப்பாள் என்று தோன்றியது.

“கொழுந்துதான் கொண்டாந்தியா, இல்ல வேலியில கெடந்த எலையா?” என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

“உண்மையச் சொல்லு, என்னத்த ஊத்துன?” என்றேன்.

“கொழுந்துதாங்க டீச்சர்.” அவள் கண் கலங்கியது. “பூச்சி மருந்து அடிச்ச மலைக் கொழுந்துன்னு அம்மா கொதிதண்ணியில போட்டு அலசித்தான் குடுத்தாங்க. கையில பட்டா ஆகாதாம்.”

கொதிநீரில் நொதியம் செயலிழந்துவிடும். அதைக் காட்டவென்றே ஒரு குழாய்ச் சாற்றை நான் கொதிக்கவைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். காலையில் என் குழந்தையின் உடம்பு சுடுகிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்த அவசரத்தில் மறந்திருந்தேன்.

பூச்சியத்தை அடித்து நீக்கினேன். அவளுடைய எண்களை ஒப்பீட்டுக்கென எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வீட்டுக்குப் போனதும், ஏற்கெனவே கழுவியிருந்த பால் போத்தலை மறுபடியும் கொதிநீரில் போட்டேன்.