கெல்லரில் கிடந்த குளிர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். பொய். மூக்கு நுனிவரை வருவதற்குள் அது வாயால் வெளியே போய்விடும். அன்றும் அப்படித்தான். கடைகளின் குளிர்ப்பெட்டிகளைத் திருத்துகிற நண்பன் ஒருவன், என்னிலும் இளையவன், எங்கள் பழைய பிக்கப் லொறியின் பொனற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, இதைக் கழிச்சுவிட்டிட்டு ஒரு புதுக் கார் எடுங்கோ. புதுக் காருகளில ஏசி தன்பாட்டில வரும்" என்றான்.

"வண்டியைக் கழிக்கவே உன்னைக் கூப்பிட்டனான்? ஏசியைத் திருத்தத்தானே கூப்பிட்டனான்?"

"ஏசி எங்க அண்ணை? இஞ்ச வெறும் இடம்தானே கிடக்கு."

அந்த இடத்தை வெறுமையாக்கியவனே நான்தான். இங்கே முகாமில் இருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. எனக்குக் கல்யாணம் முடிந்த புதிதில் வாங்கினேன். தொழிற்சாலையிலிருந்தே ஏசியோடு வந்தது. அந்தக் காலத்தில் ஜேர்மனியில் வண்டிக்கு ஏசி என்றால் எங்கள் ஆட்கள் வயிறு நோகச் சிரிப்பார்கள். நாங்களே குளிரில் விறைத்துக்கொண்டிருந்தோம், இதற்குள் குளிர் தருகிற இயந்திரம் ஒன்றா? அதன் பெல்ற்றும் ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கொம்பிரசரைக் கழற்றி, அதன் வாய்களைப் பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டி, வீட்டின் கெல்லருக்குள், அந்த நிலவறை மூலையில் தள்ளிவிட்டேன். எதையும் எறிய மனம் வராத வியாதி எனக்கு.

இப்போது ஏன் அதைத் தேடினேன் என்றால், என் மனைவிக்காக. அவளுக்கு நரம்பு வருத்தம். உடம்பில் சூடு ஏறினால் கால்கள் அவள் சொல் கேட்பதில்லை. குளிர்ந்தால் மெல்ல மெல்லத் திரும்பி வரும். மூன்று கோடைக்கு முன், வழக்கம்போல இதே வண்டியில் வடகடலுக்குப் போனோம். எங்கள் வீடு இருக்கிற கொலோனிலிருந்து நான்கு மணி நேரம். பிறேமன் நகருக்கு முன்னால் பெரிய ஸ்டாவ், வாகன நெரிசல். முன்னாலும் பின்னாலும் வண்டிகள், நடுவே நாங்கள். கண்ணாடிகளைத் திறந்துவிட்டும் உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் காலைத் தூக்க முடியவில்லை, பார்வை மங்கியது, வாய் குழறியது. நின்ற வண்டிகளுக்கு நடுவால் அம்புலன்ஸ் வந்துதான் ஏற்றிக்கொண்டு போனது. அதோடு சரி. அதற்குப் பிறகு கோடை என்றால் அவளுக்கு வீட்டுக் காவல்தான். திரைச்சீலைகளை மூடிவிட்டு, ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இருட்டுக்குள் இருப்பாள்.

கடற்கரையில் அவளுக்கு ஒன்றும் செய்யாது. ஜூலையிலும் காதை அறுக்கிற காற்று. வீட்டிலும் சமாளிக்கலாம். இடையில் உள்ள அந்த நான்கு மணி நேரம்தான் அவளையும் கடலையும் பிரித்து வைத்திருந்தது.

"இரவில வெளிக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"களவெடுக்கப் போறமே? பட்டப்பகலில போறதெண்டாச் சொல்லுங்கோ, வாறன்."

"சரி, ஏசி உள்ள வேற வண்டி ஒண்டு வாடகைக்கு எடுப்பம்."

"இந்த வண்டியிலதான் போய் விழுந்தனான். இதிலயே போய் இறங்க வேணும்."

என்னைக் கோபக்காரன் என்று சொல்கிறவர்கள் இவளோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தாழ்வான கார்களுக்குள் இறங்கினால் அவளை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். இந்த வண்டியின் நீளச் சீற் அவளுடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. திரும்பி நின்று சாய்ந்தால் போதும்.

ஆகவே கெல்லருக்குள் இறங்கினோம். கொம்பிரசர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. நண்பன் அதைத் தூக்கிப் பார்த்து, "அம்மாடி, என்ன பாரம்! அண்ணை, இது ஏசியோ அம்மிக்கல்லோ?" என்றான். பொலித்தீன் பையை அவிழ்த்துக் கையால் சுற்றிப் பார்த்தான். சுற்றியது. அவனுடைய முகம் மாறிவிட்டது. அதுவரை எனக்காக வந்தவன், அதற்குப் பிறகு அந்த இரும்புக்காக வந்தான்.

குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகள் அதற்கே போயின. கொம்பிரசரின் சீல்கள் காய்ந்து வெடித்திருந்தன. அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தோம். குழாய்களைக் கழுவினோம், மூட்டுகளின் றப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். ஈரம் உறிஞ்சுகிற உருளை புதிது. குளிர் தருகிற பழைய வாயுவுக்கு இப்போது தடை. புதிய வாயுவுக்கு வேறு எண்ணெய் வேண்டும். வாயு நிரப்ப அவனிடம் அனுமதி இருந்தது. என்னிடம் வாய் மட்டும்தான் இருந்தது. "அதைத் தொடாதேங்கோ அண்ணை", "இதைப் பிடியுங்கோ அண்ணை" என்று அவன் என்னை வேலை வாங்கினான். மனைவி மேலே யன்னலில் நின்றபடி, "தம்பி, அவரை நம்பி ஒரு ஆணியும் குடுக்காதேங்கோ" என்பாள்.

மே மாதத்தில் வாயு நிரப்பினோம். வண்டியை முடுக்கினேன். கொம்பிரசர் 'டக்' என்று பிடித்தது. பொனற்றுக்குள் அலுமினியக் குழாய் வியர்த்தது, பிறகு சில்லிட்டது. நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் போல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். உள்ளே ஏறி டாஷ்போட்டில் கையை வைத்தேன். ஆறின தேத்தண்ணி மாதிரிக் காற்று வந்தது.

ஒரு வாரம் மண்டையை உடைத்தோம். அழுத்தம் சரி. வாயு சரி. விசிறி சரி. குளிர் உண்டாகிறது, உள்ளே வருகிற வழியில் காணாமல் போகிறது. நான் கத்தினேன். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ர பக்கம் சுத்தமாச் சரி அண்ணை. மிச்சம் வண்டிப் பக்கம். எனக்குக் குளிர்ப்பெட்டிதான் தெரியும், வண்டி தெரியாது" என்று சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அழுகை வராத குறை. கோடை வாசலில் நின்றது.

அடுத்த நாள் காலை மனைவி தடியை ஊன்றிக்கொண்டு தானாகவே கீழே வந்தாள். சீற்றில் சாய்ந்து ஏறினாள். "ஸ்ராட் பண்ணுங்கோ" என்றாள். முடுக்கினேன். அவள் செருப்பைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டினாள்.

"மேல கொஞ்சமெண்டாலும் குளிர் வருது. கால்மாட்டில சூடு வருது."

"விசர்க்கதை. ஹீற்றர் பூட்டிக் கிடக்கு, இஞ்ச பாரும்" என்று குமிழைக் காட்டினேன்.

"குமிழைப் பூட்டி என்ன? நீங்கள்தானே அதை உள்ளுக்க பூட்ட ஏலாமக் கட்டி வைச்சனீங்கள்?"

எனக்கு மறந்தே போயிருந்தது. கல்யாணம் முடிந்து அவள் இங்கே வந்து இறங்கியது ஒரு தை மாதம். விமான நிலையத்திலிருந்து வீடுவரை இந்த வண்டிக்குள் அவள் என்னோடு பேசியது ஒரே ஒரு சொல்தான்: "குளிருது." திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னாள். இயந்திரத்தின் சுடுதண்ணீரை ஹீற்றருக்கு விடுகிற வால்வு இந்த வண்டியில் அடிக்கடி தானாக மூடிக்கொள்ளும். அடுத்த நாள் அவளுக்குப் பழைய சாமான் சந்தையில் ஒரு கோட் வாங்கினேன். அந்தக் கோட்டோடு வந்த மாட்டிக் கம்பியை முறித்து, வால்வு இனி என்றைக்குமே மூடாதபடி முறுக்கிக் கட்டினேன்.

பொனற்றைத் திறந்தேன். துருப்பிடித்த கம்பி அப்படியே இருந்தது. இத்தனை கோடையும் கொதிதண்ணீர் அவளுடைய காலடியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய வண்டி, வெயிலுக்கு இப்படித்தான் வேகும் என்று நினைத்திருந்தோம். பிறேமனுக்கு முன்னால் நின்ற அன்றைக்கும் அது ஓடியிருக்கிறது. வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தானப்பா உம்மை வேக வைச்சிருக்கிறன்" என்றேன்.

"பேய்க்கதை கதையாதேங்கோ. அண்டைக்கு உந்தக் கம்பி இல்லாட்டி அடுத்த பிளேனிலயே திரும்பிப் போயிருப்பன். இப்ப தேவையில்லை, அவிழ்த்து விடுங்கோ. இதுக்குப் போய் ஒப்பாரி வைக்கிறார்."

குறடு கொண்டுவந்து வெட்டினேன். வால்வு இறுகிக்கிடந்தது, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி மூடினேன். நண்பனுக்குப் போன் பண்ணினேன். அவன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

ஜூலையில், பட்டப்பகலில், வெளிக்கிட்டோம். பிறேமனுக்கு முன்னால், சொல்லி வைத்தாற்போல, ஸ்டாவ். சனங்கள் வண்டிகளை விட்டு இறங்கி, அட்டைகளால் விசிறிக்கொண்டு நின்றார்கள். பழைய இயந்திரம் ஏசியையும் இழுத்துக்கொண்டு நிற்கும்போது சூடேறிவிடுமோ என்று எனக்குப் பயம். ஒரு கண் இயந்திரச் சூடு காட்டுகிற ஊசியில், மற்றக் கண் அவளுடைய காலில்.

"என்னை என்னத்துக்குப் பாக்கிறியள்? றோட்டைப் பாருங்கோ."

"றோட் எங்கயும் ஓடப்போறேல்ல. கால் எப்பிடி இருக்கு?"

அவள் வலது காலை மெல்லத் தூக்கி, டாஷ்போட்டின் மேல் வைத்து, விரல்களை ஆட்டிக் காட்டினாள். பிறகு காலை இறக்கி, சால்வையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் குறையுங்கோ. குளிருது."

நான் கேட்காதது போல இருந்தேன். இன்னொரு தரம் சொல்லட்டும் என்றுதான்.

"காது கேக்கேல்லையே? குளிருதெண்டு சொல்லுறன்."

"கேக்குது, கேக்குது" என்றேன். கண் கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை, குமிழைத் தடவித்தான் பிடித்தேன்.